நாடாவின் மறுமுனை

அப்பா எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே மாளவிகாவின் இடது மணிக்கட்டில் நாடா இழுபட்டது.

மெல்லத்தான். ஒரு இழுப்பு, ஒரு விடுதல். உள்ளறையில் தூங்கி எழுந்தவர் பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லாமல் சொல்கிற இழுப்பு அது. பழக்கத்தில் அவள், "இதோ வரேன்பா" என்று சொல்லிவிட்டாள்.

சங்கரன் டம்ளரிலிருந்து முகத்தை நிமிர்த்தினார். "எங்க வரே? நான் இங்கன்னா இருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. நாடா அவள் மணிக்கட்டிலிருந்து இறங்கி, சாப்பாட்டு மேஜையின் காலைச் சுற்றி, கூடத்துத் தரையில் தொய்ந்து கிடந்து, உள்ளறைக் கதவிடுக்கு வழியே உள்ளே போயிருந்தது. அப்பாவைக் காபிக்கு எழுப்பியபோது அவர் கையிலிருந்து மறுமுனையை அவள்தான் அவிழ்த்துக் கட்டில்மேல் போட்டிருந்தாள். எழுந்து போய்ப் பார்த்தாள். மறுமுனை கட்டில்மேல் இல்லை. கட்டிலைத் தாண்டி, ஜன்னலுக்குக் கீழே, சுவரோரமாகத் தரையில் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் நழுவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு குனிந்து எடுத்தாள். சுருக்கு சூடாக இருந்தது. வெயிலில் காயப்போட்டு எடுத்த துணியின் சூடு. வெளியே நான்கு நாளாக விடாத மழை.

அது சாதாரணப் பருத்தி நாடாதான். பாவாடைக்குக் கோர்க்கிறது, மயிலாப்பூர்க் கடையில் பந்தாக வாங்கியது. மதியத்தில் அப்பா உள்ளே தூங்க, அவள் கூடத்தில் கணினி முன்னால் உட்கார, இருவர் கைக்கும் நடுவே அது கிடக்கும். முதல் நாள் கட்டும்போது அழுதாள். இப்போது அழுவதில்லை. சங்கரன் புவியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தின் ஆறுகளையெல்லாம் பாடமாகச் சொன்னவருக்கு இப்போது வீட்டு வாசலிலிருந்து வீட்டுக்குள் வர வழி தெரியாது. ஒருமுறை கோட்டூர்புரம் பாலத்தில் நின்று அடையாற்றைப் பார்த்து இது என்ன ஆறு என்று போகிற வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த முறை நூலகத்துக்கு எதிரே பஸ்ஸுக்குக் குறுக்கே நடந்தார். டிரைவர் நல்லவர், பிரேக்கும் நல்ல பிரேக்.

வடபழனியிலிருந்து அண்ணன் பிரணவ் வந்து கத்தினான். கத்தி முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "இன்னொரு தடவை வெளியில போனார்னா நான் உன்னைக் கேக்கமாட்டேன் மாளு. கேளம்பாக்கத்துல ஹோம் பாத்து வெச்சிருக்கேன். கொண்டுபோய் விட்டுடுவேன்." அந்த இடத்தை அவளும் பார்த்திருந்தாள். சுத்தமான இடம். வரிசையாகக் கட்டில்கள், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் முதியவர்கள், யாரும் யாரோடும் பேசாத கூடம். அப்பா அங்கே போனால் ஒரு மாதத்தில் அவளைக் கூட யாரென்று கேட்பார். அதனால்தான் நாடா. இன்னொரு தடவை நடக்கக்கூடாது. அவ்வளவுதான் அவள் வாழ்க்கையில் இப்போது இருந்த ஒரே வேண்டுதல்.

வேலை, தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அலுவலகத்தினுடையது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் அரேபியாவின் பாலைவன மலைகளில் பாறைச் செதுக்கல்களைப் படமெடுத்து அனுப்புவார்கள். மாளவிகா போன்றவர்கள் வீட்டிலிருந்தபடி அந்தப் படங்களின்மேல் எலக்ட்ரானிக் பேனாவால் கோடு கோடாகப் பிரதியெடுத்துத் தருவார்கள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பாலைவனம் என்பது அதுவரை அவளுக்கு மொழிபெயர்ப்பு நாவல்களில் ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் இடமாகத்தான் இருந்தது. இப்போது அதன் கற்களின் மேல்தோலைத் தினமும் கண்ணால் தடவினாள். வெயிலில் கறுத்த மணற்கல். அதைக் கல்லால் கொத்தினால் உள்ளிருக்கும் மஞ்சள் தெரியும். ஆயிரமாயிரம் வருஷ வெயிலில் அந்த மஞ்சளும் மெல்லக் கறுத்து, பாறையோடு பாறையாகிவிடும். எவ்வளவு கறுப்போ அவ்வளவு பழசு. மஞ்சளாகத் தெரிவதெல்லாம் நேற்றைய ஆட்டிடையன் கிறுக்கியது. கோட்டின் வயதை நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். பின்னால் வந்த கிறுக்கல், வெட்டு, சிதைவு எல்லாவற்றையும் தனி அடுக்கில் போட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் அணைத்துவிட்டு, அறுந்த கோடுகளை இணைத்து, முழு உருவமாக அனுப்ப வேண்டும். அதுதான் முறை.

முந்தின நாள் அவள் முடித்து அனுப்பிய பாறை ஒரு பள்ளத்தாக்கின் முட்டுச் சுவர். கொம்பு வளைந்த காட்டு ஆடுகள், ஓடும் கழுதைகள். நடுவே ஒரு வேட்டைக்காரன், மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக. பக்கவாட்டில் நிற்கும் உருவம், முகம் இல்லை, ஒரு கை மேலே தூக்கியிருந்தது. அவன் இடுப்பிலிருந்து கயிறுகள் கிளம்பிப் போயின. ஒவ்வொரு கயிற்றின் முனையிலும் ஒரு நாய், கயிறு நாயின் கழுத்தில். ஒரு கயிறு மட்டும் மற்றவற்றைவிட நீளமாக, பாறையின் இடது ஓரம் வரை போயிற்று. அதன் முனையில் இருந்தது நாய் இல்லை. இரண்டு காலில் நின்றது. கயிறு அதன் கழுத்தில்தான் முடிந்தது.

அந்தக் கயிற்றின் நடுவில் ஒரு வெட்டு இருந்தது. ஒரு கொத்தல்ல. பல கொத்து. திரும்பத் திரும்ப, ஒரே இடத்தில், வெறிபிடித்தவன் கொத்தினதுபோல ஆழமாக. கயிறு அங்கே இரண்டாக அறுந்திருந்தது.

அதை அவள் வரைந்துகொண்டிருந்தபோது அப்பா தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். "மணற்கல்" என்றார். மறக்காத சொற்களில் அதுவும் ஒன்று. பிறகு இடது ஓரத்தை விரலால் தொட்டு, "இவனை ஏன் கட்டிப்போட்டிருக்கா? என்ன தப்பு பண்ணினான்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

அவளுக்கு முகம் சுட்டது. "சாப்பிட வாங்கோப்பா" என்று சொல்லி அவசரமாக வேலையை முடித்தாள். வெட்டை 'சேதம்' என்ற அடுக்கில் தள்ளி அணைத்தாள். அறுந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தாள். கயிறு ஒன்றானது. நிறத்தைப் பார்க்கவில்லை.

இன்று காபி முடிந்ததும் அப்பாவைப் படுக்கவைத்து நாடாவை மறுபடி கட்டினாள். சங்கரன் கையை நீட்டிக் கொடுத்தார். அது அவளுக்கு வலித்தது. மறுத்திருந்தால் தேவலை.

"மாளு, வாசல்ல ஒருத்தர் நின்னுண்டிருக்கார்."

"யாரும் இல்லைப்பா."

"ரொம்ப நாழியா நிக்கறார். உள்ள வாங்கோன்னு சொல்ல வேண்டாமா? நன்னாவா இருக்கு?"

"மழைக்கு ஒதுங்கியிருப்பா. தூங்குங்கோ."

"நாயெல்லாம் கூட்டிண்டு வந்திருக்கார்" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசல் மணி அடித்தது. கையில் நாடாவோடு போய்க் கதவைத் திறந்தாள். மாடிப்படி பெருக்குகிற முத்துமாரி, முறத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா, உங்க ஊட்ல கட்டட வேலை எதுனா நடக்குதா?"

"இல்லையே. ஏன்?"

"அப்போ இது இன்னா? படியெல்லாம் மண்ணா கீது. காலைலேர்ந்து பெருக்கிக்கினே கீறேன், பெருக்கப் பெருக்க வருது. உங்க மாடி வரைக்கும்தான். அதுக்கு மேல ஒண்ணுமில்ல." முத்துமாரியின் கண் அவள் மணிக்கட்டுக்குப் போய்த் திரும்பியது. அவளுக்கு அது தெரிந்த கதை. "நல்ல மண்ணும்மா. செவப்பா, மாவாட்டம். மழையில ஒரு பொட்டு நனையல பாரு. வித்தா காசு."

மாளவிகா முறத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். விரலிடுக்கில் வழிந்தது. உலர்ந்த மண். கீழே வாசலில், எப்போதும் கார்களுக்கடியில் சுருண்டிருக்கும் தெருநாய்கள் மழையில் நனைந்தபடி உட்கார்ந்திருப்பது படிக்கட்டு ஜன்னல் வழியே தெரிந்தது. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து. கட்டடத்தைப் பார்த்து. ஒன்றும் குரைக்கவில்லை.

"கூட்டம் போட்டுக்கினு கீதுங்க" என்றாள் முத்துமாரி. "இன்னா எலெக்சனோ." சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். பாதிப்படியில் அவள் சிரிப்பு நின்றது. சுவரோடு ஒட்டி, யாருக்கோ வழிவிடுகிறமாதிரி ஒதுங்கி நின்று, பிறகு வேகமாக இறங்கினாள். அந்த இடத்தில் யாரும் இல்லை.

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். போட்டதை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

வீட்டுக்குள் ஏதோ மாறியிருந்தது, என்னவென்று பிடிபட நேரமாயிற்று. வாசனை. நான்கு நாளாகக் கூடத்துக் கொடியில் ஈரம் வற்றாமல் தொங்கிய வேட்டிகளின் புளிச்ச வாடை இல்லை. தொட்டுப் பார்த்தாள். எல்லாம் அப்பளம்போல் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன. அதற்குப் பதில் வேறொரு வாசனை, சுட்ட கல்லின் வாசனை, அதற்குள் மெல்லிசாக ஆட்டுக்கொழுப்பின் நெடி. அந்த வீட்டில் ஒருநாளும் இருந்திராத நெடி. அவள் உதடுகள் வெடித்திருந்தன. நாக்கால் தடவியபோது ரத்தம் கரித்தது. எங்கோ கீழ்த்தளத்தில் யாரோ தரைக்கல் பதிக்கிறார்கள் போல, கல்லைக் கல்லால் கொத்தும் சத்தம், விட்டு விட்டு, அவசரமில்லாமல், நாளெல்லாம் நேரமிருக்கிறவன் கொத்துவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. அலுவலகத்திலிருந்து அஸ்மத்துன்னிசா. பிரதிகளைச் சரிபார்க்கிறவள், ராயப்பேட்டைக்காரி, பழைய தோழி.

"அப்பா எப்படி இருக்காரு? என்னை ஞாபகம் இருக்காமா?"

"என்னையே பாதி நாள் மறந்துடறார். உன்னைக் கேட்டார், பிரியாணி கொண்டுவருவாளே அந்தப் பொண்ணுன்னு."

"ஐயர் வீட்டுல என் மானத்த வாங்காதடி. நான் கொண்டு வந்தது கேசரி." சிரித்தாள். பிறகு, "சரி, அந்த வேட்டைக்காரன் பேனல். கயித்துமேல இருந்த வெட்ட ஏன் எடுத்துட்ட?"

"பின்னாடி யாரோ கொத்தினது. சேதத்துல போட்டுட்டேன்."

"கலர் பாத்தியா?"

மாளவிகா இருண்டிருந்த திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெரிசு பண்ணிப் பாரு. உருவமும் கறுப்பு, வெட்டும் அதே கறுப்பு. பின்னாடி வந்தது இல்லடி அது. செதுக்கின காலத்துலயே வெட்டினது. செதுக்கின சூட்டோட."

"யார் வெட்டியிருப்பா?"

"எனக்கென்ன தெரியும். கயித்தோட அந்தப் பக்கத்துல இருந்தவங்களா இருக்கும்." அஸ்மத்துன்னிசா விளையாட்டாகத்தான் சொன்னாள். "அவங்க அவ்ளோ கஷ்டப்பட்டு அறுத்துகிட்டு ஓடினா, நீ போய் முடிச்சு போட்டு வெச்சிருக்க. வெட்டத் திரும்பப் போட்டு அனுப்பு. என்ன, அங்க ஏதோ கொத்துற சத்தம் கேக்குது?"

"கீழ வேலை நடக்கறது."

"கீழயா? போன்கிட்டயே கேக்குதே" என்றாள் அவள். மழையில் இணைப்பு அறுந்தது.

கணினியைத் திறந்தாள். இன்னும் சாயங்காலம் ஆகவில்லை, ஆனால் மேகம் கூடத்தை இருட்டியிருந்தது, திரையின் வெளிச்சம் மட்டும் அவள் கைகளில் விழுந்தது. சேத அடுக்கை உயிர்ப்பித்தாள். வெட்டு திரும்ப வந்தது. ஆனால் கயிறு அறுபடவில்லை. அவள் போட்ட கோடு வெட்டுக்கு மேலே, முழுசாக, அழுத்தமாகக் கிடந்தது. அதைத் தேர்ந்தெடுத்து அழிக்கப் பார்த்தாள். பேனா அதைப் பிடிக்கவில்லை. மறுபடி. பிடிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். அவள் போட்டது வழவழப்பான ஒற்றைக் கோடு. இப்போது திரையில் இருந்தது புள்ளி புள்ளியாக இருந்தது. கொத்திக் கொத்தி உண்டாக்கிய கோடு. நிறம் மஞ்சள். புது மஞ்சள்.

அவள் வரைந்த படத்தில் இல்லை. பிரதிக்குக் கீழே இருந்த புகைப்படத்தில். பாறையில்.

மணிக்கட்டில் நாடா இழுபட்டது.

ஒரு இழுப்பு, ஒரு விடுதல்.

"அப்பா?"

கொத்தும் சத்தம் நின்றது. திரை அணைந்தது. மின்விசிறி சுழன்று, மெலிந்து, ஓய்ந்தது. கரண்டு போய்விட்டது. அவ்வளவுதான். மழைநாளில் போவதுதான். அப்படிச் சொல்லிக்கொண்டாள். நாடா மறுபடி இழுபட்டது, இந்தமுறை விடவில்லை. அவள் கை மேஜையிலிருந்து தானாக நகர்ந்தது. தரையில் தொய்ந்து கிடந்த நாடா எழும்பி, நேராகி, கம்பிபோல் விறைத்தது.

உள்ளறையை நோக்கி அல்ல.

உள்ளறைக்குள் போய், கட்டில் காலைச் சுற்றி, திரும்ப வெளியே வந்து, கூடத்தைக் கடந்து, வாசலுக்குப் போயிற்று. வாசல் கதவு திறந்திருந்தது. தாழ் விலகியிருந்தது. அப்பாவுக்குத் தாழ் திறக்கத் தெரியும், அந்த ஒன்றை மட்டும் அவர் கை மறக்கவேயில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டில் காலி. போர்வை தரையில்.

போய்விட்டார்.

இன்னொரு தடவை. இதோ. அவள் இருக்கும்போதே, அவள் கையில் கட்டியிருக்கும்போதே. வரிசைக் கட்டில்கள் கண்ணில் வந்தன, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகுகள் வந்தன. செருப்பு வைக்கிற அலமாரிமேல் தையல் டப்பா திறந்து கிடந்தது, அதில் கத்தரிக்கோல். அவள் கை தானாக அதை எடுத்தது. அஸ்மத்துன்னிசாவின் குரல் காதில் கேட்டது. அவ்ளோ கஷ்டப்பட்டு அறுத்துகிட்டு. கத்தரியின் வாயை நாடாவில் வைத்தாள். ஒரு அழுத்து. போதும்.

ஆனால் மறுமுனையில் அப்பா.

இருட்டான படிக்கட்டில், வழுக்கும் படியில், மழையில், எந்த ஆறு என்று கேட்டுக்கொண்டு. இதை அறுத்தால் அவர் கை அவள் கையிலிருந்து போய்விடும். அறுக்க முடியாது. அவள் கத்தரியைக் கீழே போட்டாள்.

வாசற்படியில் நின்று இரண்டு கையாலும் நாடாவைப் பற்றி இழுத்தாள்.

கனமாக இருந்தது. தண்ணீர் நிரம்பிய குடத்தைக் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல. ஒரு முழம் வந்தது. இன்னொரு முழம். நாடா கைக்குள் சூடாக, சொரசொரவென்று ஓடியது, பருத்திபோல இல்லை, தோல்வாரைப் போல இருந்தது. கீழே, இரண்டு திருப்பம் தாண்டி, ஒரு காலடி. நின்றது. இன்னொரு காலடி. மண்ணில் கால் தேயும் சத்தம். அதைச் சுற்றி, சிமெண்ட்டில் நகங்கள் கீறும் சத்தம். நிறைய. தெருநாய்கள், என்று நினைத்தாள். அவர் பின்னாலேயே ஏறி வருகின்றன. முன்பெல்லாம் அவற்றுக்குப் பிஸ்கட் போட்டவர் இல்லையா.

"மெதுவா ஏறுங்கோப்பா. சுவரைப் பிடிச்சுக்கோங்கோ."

இழுத்தாள். ஏறியது. கல் வாசனை படிக்கட்டை அடைத்துக்கொண்டு மேலே வந்தது.

"இதோ, அவ்வளவுதான். வந்தாச்சு. நான் பிடிச்சிண்டிருக்கேன்."

பின்னால் உள்ளறையில் துணி அலமாரியின் கதவு கிறீச்சிட்டது.

"மாளு."

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"போயிட்டாரா?" அப்பாவின் குரல், பயந்த குழந்தையின் ரகசியக் குரல், அலமாரிக்குள்ளிருந்து வந்தது. "நாடாவைக் கேட்டார். என்னோடதுன்னார். அவிழ்த்துக் குடுத்துட்டேன்."

மழைச் சத்தம்.

"நீ யாரை இழுத்துண்டிருக்கே?"

அவள் விரல்களை விரித்தாள். நாடா கையிலிருந்து விழுந்தது. விழுந்து தொய்ந்தது. இனி யாரும் இழுக்க வேண்டியதில்லை. காலடிகள் நிற்காமல் வந்தன. ஒரு படி. ஒரு படி.

திருப்பத்தின் ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். அதன் குறுக்கே முதலில் தூக்கிய ஒரு கை வந்தது. பிறகு தோள். பிறகு உயரம், விட்டம் வரைக்கும் உயரம். பக்கவாட்டில் வந்தது. அவள் பக்கம் திரும்பவில்லை, திரும்ப அதற்கு இன்னொரு பக்கம் இல்லை. கனமும் இல்லை. கொத்திக் கொத்தி எடுத்த ஒரு உருவம், ஓரங்கள் புள்ளி புள்ளியாக, சுவரைவிட்டு இறங்கி நடந்தது. இடுப்பிலிருந்து கயிறுகள் கிளம்பின. முத்துமாரி கூட்டம் என்று சொன்ன நாய்கள், ஒவ்வொன்றும் ஒரு கயிற்றில், சத்தமில்லாமல்.

ஒரு கயிறு மட்டும் வெள்ளை. அது படிகளில் வழிந்து, வாசலைத் தாண்டி, அவள் காலடியில் சுருண்டு, மேலே ஏறியது.

இடது மணிக்கட்டைப் பார்த்தாள். முடிச்சு அங்கே இல்லை. தோலில் அது இருந்த தடம் மட்டும்.

கழுத்தில் நாடா இழுபட்டது. மெல்லத்தான்.

ஒரு இழுப்பு.